திமிங்கலம் ஆவது எப்படி?

திமிங்கலம் ஆக விரும்புவோர் முதலில் அந்த விருப்பத்தைக் கைவிட வேண்டும். இந்தத் துறையில் விருப்பத்துக்கு மதிப்பெண் கிடையாது. பழகிப் பெற்றது பிள்ளைக்கும் வரும் என்று லாமார்க் சொன்னதை நம்பித் தினமும் கிணற்றில் முங்கு நீச்சல் பழகினால் உங்களுக்கு மூச்சு பிடிக்க வரும். பிள்ளைக்கு அது போய்ச் சேராது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒன்றைப்போல் ஒன்று இல்லாத பிள்ளைகளாக நிறையப் பெற்றுப் போடுங்கள். எது தங்குவது, எது போவது என்பதை முதலையும் பஞ்சமும் பார்த்துக்கொள்ளும்.

யார் விண்ணப்பிக்கலாம்? கரடிகள் வேண்டாம். வட அமெரிக்காவில் ஒரு கருங்கரடி வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்திப் பூச்சி பிடித்ததாக வந்த செய்தியை வைத்து, இப்படியே போனால் கரடி திமிங்கலம் மாதிரி ஆவதில் தனக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை என்று டார்வின் 1859இல் எழுதினார். ஊர் சிரித்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். அவர் வழியைச் சரியாகத்தான் சொன்னார், ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். தகுதியுள்ளவை இரட்டைக் குளம்புள்ள பிராணிகள்: ஆடு, மாடு, மான், ஒட்டகம், பன்றி வகையறா. இன்றைக்கு உயிரோடு இருப்பவற்றில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், அன்றிருந்த தெத்திஸ் கடலோரம், இன்றைய பாகிஸ்தான், காஷ்மீர், கட்ச் பக்கம் பிறந்திருந்தால் முன்னுரிமை உண்டு. தொடக்கத்தில் பூனை அளவு போதும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இலைச்சருகுக்குள் ஒளிந்து திரியும் சருகுமானை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தோஹியஸ் என்ற பிராணி கிட்டத்தட்ட அந்தச் சாயல். ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் போய் ஒளிந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கால் எலும்புகள் தடித்துக் கனமாக இருந்ததால் மிதந்து காட்டிக் கொடுக்கவில்லை.

இந்தப் பிராணி வெளிச்சத்துக்கு வந்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும். ஜம்மு காஷ்மீரின் கலாக்கோட் பகுதியில் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்த கற்கள் பல ஆண்டுகள் உடைபடாமலே கிடந்தன. அவர் காலமான பிறகு அவை தெவிஸ்ஸன் என்ற ஆய்வாளரின் கைக்கு வந்தன. கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டின் காதுப்பகுதி தவறுதலாக உடைந்தது. உள்ளே எலும்பு ஒரு பக்கம் தடித்திருந்தது. அந்தத் தடிப்பைத் திமிங்கலக் கூட்டத்திடம் மட்டுமே அதுவரை பார்த்திருந்தார்கள். 2007இல் செய்தி வெளியானது. இந்தோஹியஸைத் திமிங்கலத்தின் பாட்டன் என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். அது ஒன்றுவிட்ட சித்தப்பா முறை.

பாட்டன் வரிசைக்கு அருகில் இருப்பது பாகிசீட்டஸ். 1981இல் ஆய்வாளர் கிங்கரிச் விவரித்தது. ஓநாய் அளவு, நாலு கால், நீண்ட வால். பார்த்தால் யாரும் திமிங்கலம் என்று சொல்லமாட்டார்கள். காதைத் திறந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இந்தக் கட்டத்தில் உங்கள் வேலை ஓடையில் நின்று மீன் பிடிப்பது. அடுத்து அம்புலோசீட்டஸ்: மூன்று மீட்டர் நீளம், குட்டைக் கால், பெரிய பாதம். முதலைபோல் ஆழமில்லாத நீரில் பதுங்கி, வருகிறவன் காலைக் கவ்வும் தொழில்.

பயிற்சி எடுப்போர் பெரும்பாலும் தவறு செய்வது இங்கேதான். இதை இடைநிலை என்றும், அரைகுறை என்றும் நினைத்து மனம் சோர்ந்துவிடுகிறார்கள். இன்னும் எண்பது லட்சம் ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் பெரிய ஆளாகிவிடலாம் என்று எந்த அம்புலோசீட்டஸும் அரைப்பட்டினி கிடக்கவில்லை. அது முழுநேர அம்புலோசீட்டஸ். அன்றைக்கு அன்று இரை கிடைத்தது, குட்டி போட்டது. கிடைக்காதவற்றுக்கு வம்சம் இல்லை. குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுவது போன்ற வேலை இது. ஒரு ராத்திரிகூடக் கூரை இல்லாமல் படுக்க முடியாது.

ஆகவே புதுச் சாமான் எதுவும் கேட்காதீர்கள். செவுள் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்காது. இருக்கிற மூக்கைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளவேண்டும்: பாகிசீட்டஸுக்கு முகத்தின் நுனியில், பிறகு வரப்போகும் பாசிலோசாரஸுக்கு முகத்தின் நடுவழியில், இன்றைய திமிங்கலத்துக்கு உச்சந்தலையில். மீன்போல வாலைப் பக்கவாட்டில் ஆட்டவும் வராது. நாலுகால் பாய்ச்சலில் முதுகை மேலும் கீழுமாக வளைத்து ஓடிய குலம் நீங்கள். கடலிலும் அதே வளைவுதான். திமிங்கலத்தின் வால் மட்டமாகப் படுத்திருக்கக் காரணம் இதுவே.

பாசிலோசாரஸ் கட்டத்துக்கு வரச் சுமார் ஒரு கோடி ஆண்டு ஆகும். பதினைந்து மீட்டருக்கு மேல் நீளம். பின்னங்கால் மட்டும் முழங்கால், கணுக்கால், விரல் எல்லாம் வைத்துப் பொம்மைபோல் சிறிதாகத் தொங்கும். எகிப்தின் வாடி அல் ஹிதான் பாலைவனத்தில் இப்படி நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. பெயர் விஷயத்தில் எச்சரிக்கை: 1834இல் ஹார்லன் என்ற ஆய்வாளர் இதை ஊர்வன என்று நினைத்து ‘அரசப் பல்லி’ என்று பொருள்படப் பெயர் வைத்தார். பல்லைப் பார்த்த இன்னொரு ஆய்வாளர் ஓவன், இது பாலூட்டி என்றார். ஆனாலும் முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விலங்கியல் சட்டம். கெசட்டில் மாற்ற வழியில்லை.

வந்து சேர்ந்ததும் கிடைப்பவை: உடம்பெங்கும் கொழுப்புப் போர்வை, தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மையோகுளோபின் ஏராளம். கூவியர் அலகுத் திமிங்கலம் ஒன்று ஒரே மூச்சில் 222 நிமிடம் முங்கியிருந்தது பதிவாகியிருக்கிறது. இழப்பவை பட்டியல் கொஞ்சம் நீளம். நிறம் பிரித்தறியும் கண் போகும். பல் உள்ள திமிங்கலமானால் மோப்பமும் போகும். இனிப்பு, புளிப்பு, கசப்பு எதுவும் நாக்குக்குத் தெரியாது. உப்பு மட்டும் தப்பியிருக்கலாம் என்கிறார்கள். சாப்பாட்டுப் பிரியர்கள் யோசித்துக் கையெழுத்திடவும். தூங்கும்போது பாதி மூளை விழித்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் மூச்சு விட மேலே வர ஆளில்லை. இடுப்பெலும்பு சிறுத்து உள்ளே தங்கும். ஆண்குறியின் தசைகள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அதைத் தொலைக்க இயற்கை அவசரப்படவில்லை.

மீன் வாடை ஆகாதவர்களுக்குத் தனிப் பாதை ஒன்று உண்டு. யானைக்கு உறவான ஒரு கூட்டம் தனியே கடலில் இறங்கி, பின்னங்காலைத் துறந்து, வாலை மட்டமாக்கி, சுத்த சைவமாகக் கடற்புல் மேய்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒன்றை நம் பாக் விரிகுடாவில் ஆவுளியா என்பார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரை அதற்கென ஒதுக்கியிருக்கிறது. கூட்டமும் அதிகமில்லை, நாலே இனங்கள்தான் மிச்சம். ஐந்தாவதாக, எட்டு மீட்டர் வளர்ந்த ஸ்டெல்லர் கடல்பசு வட பசிபிக்கில் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. 1741இல் கப்பல்காரர்கள் கண்ணில் பட்டது, 1768க்குள் தின்று தீர்த்துவிட்டார்கள். இந்தப் பாதையில் வருகிறவர்கள் கொழுப்பு சேர்க்கும் முன், பக்கத்தில் பசித்த மாலுமிகள் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளவும்.