இளநீலத்தில் ஓர் உத்தியோகம்

மாநகர சபை வேலையில் முன்னேற்றம் இல்லை என்பவர்கள் 2021 ஏப்ரலை மறந்துவிட்டார்கள். யாழ்ப்பாண மாநகர சபை தன் ஊழியர் ஐவருக்கு இளநீலச் சட்டை மாட்டி, வீதியில் குப்பை போடுவோரையும் வெற்றிலை துப்புவோரையும் பிடிக்க அனுப்பியது. ஓரிரு நாளிலேயே குப்பை விவகாரம் தேசியப் பாதுகாப்பாகப் பதவி உயர்வு பெற்றது. சட்டை விடுதலைப் புலிகளின் காவல்துறையை நினைவூட்டுகிறதாம். ஏப்ரல் 9 அதிகாலை மேயர் வி. மணிவண்ணன் கைதாகி, பயங்கரவாத விசாரணைப் பிரிவிடம் போய், அன்றே பிணையில் வந்தார்.

இந்த விழிப்பை மெச்சத்தான் வேண்டும். பருத்தித்துறைக் கடலும் அதே நிறந்தான். அதற்கு இன்னும் அழைப்பாணை போகாதது சிறு கவனக்குறைவு. வேலையற்ற பட்டதாரிகளுக்கோ பொற்காலம்: சாயப் பரிசோதகர், நூல் புலனாய்வாளர், ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் சட்டை எவ்வளவு வெளுத்தது என்று பதிய ஒரு லிகிதர். ஓய்வூதியமும் உண்டு.

கொழும்பு மாநகர சபையின் சீருடையைப் பார்த்தே தைப்பித்தோம் என்றார் மேயர். இனித் துணிக்கு விலைமனு கோரும்போது, உடுப்பு போர்க்காலச் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தைக்கு இப்பாலா அப்பாலா என்பதையும் குறிப்பிட்டுவிடுவது நல்லது.