ஆடிட்டராகும் மார்க்கம்

பி.காம். படிக்கும் பிள்ளையொருவன் கோடிகளோடு பழகியே தீர்வதென்று சங்கற்பம் செய்துகொண்டால், 1949-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிறந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட் என்னும் இரு பரீக்ஷைகளைத் தாண்டுவித்து, ஆர்ட்டிகிள்ஷிப் என்ற குருகுல வாசத்துக்கு அவனை அனுப்பிவைக்கிறது. முன்பு மூன்று வருஷமாயிருந்த அவ்வாசம் இப்போது இரண்டாகக் குறைந்திருப்பது கலியுகத்தின் கருணை. அங்கே அவன் பயிலும் முதல் நிதி சாஸ்திரம், மங்கிப்போன பெட்ரோல் பங்க் ரசீதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தொகையை ஊகித்து, வவுச்சரின் ஓரத்தில் பச்சை மையால் ஒரு டிக் போடுவது. மார்ச் 31-ஆம் தேதி ஸ்டாக் சரிபார்க்கப் போய், டை கட்டிய கோலத்தில் சிமெண்டு மூட்டைகளின்மேல் ஏறி நின்று, "பின்வரிசையில் எத்தனை அண்ணே?" என்று அவன் வினவ, "போன வருஷக் கணக்கையே எழுதிக்குங்க தம்பி" என்று கிடங்குக்காரர் அருளும் அந்த க்ஷணத்தில் விளங்கும் தணிக்கைத் தத்துவம் பாடப்புத்தகத்தின் எந்த அத்தியாயத்திலும் கிடையாது. ஸ்டைபெண்டு பஸ் சார்ஜுக்கும் காப்பிக்கும் சரியாய்ப் போய்விடும். உறவினர்களோ, ஃபைனல் பரீக்ஷை முடிவுவரை பொறுக்க அவகாசமின்றி, வருமான வரி நோட்டீஸுகளோடு இப்போதே அவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் காப்பியும் அவன் செலவே.