பேரன் எடை கூடிவிட்டான், மன்னிக்கவும்

அனுப்புநர்: பூம்பாறையில் பூண்டு போடும் ஒரு தாத்தா, கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்: ஒன்றிய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகம், புது தில்லி.

பொருள்: பயனாளியின் எடை 900 கிராம் கூடியதற்கு மன்னிப்புக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் மகள் வயிற்றுப் பேரனுக்குக் கோஷே நோய். உடம்பில் ஒரு நொதி சரியாகச் சுரக்காததால் ஒருவகைக் கொழுப்பு கரையாமல் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்புக்குள்ளும் போய்த் தேங்கிவிடுமாம். இந்தப் பெயரைக் கண்டுபிடிக்கவே மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் உப்பிய வயிற்றுக்குப் பூச்சி மருந்து கொடுத்தோம், தொக்கம் எடுத்தோம், தாயத்துக் கட்டினோம். கடைசியில், அரிய நோய்களுக்கென்று நீங்கள் அங்கீகரித்த உயர் மையங்களில் ஒன்றான எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போனோம். மலை இறங்கிக் கொடைரோடு, அங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ். மலை ஏறி வரும் வெளியூர் வண்டிக்கெல்லாம் 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள். இந்த நோய் மட்டும் பாஸ் இல்லாமல் எப்படி ஏறி வந்தது என்று செக்போஸ்டில் விசாரிக்க வேண்டும்.

குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கைப்படி உதவி கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏறுகிறது. வயிறு வடிந்துவிட்டது, பையன் ஓடுகிறான், பசி எடுக்கிறது, சாப்பிடுகிறான். சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு கொண்டுபோகிறவன். தராசு முள் என் பக்கம் சாய்ந்தால் அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடிப்பேன். பேரன் விஷயத்தில் முள் நகர்ந்தால் வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால் அவன் மருந்து கிலோக் கணக்கு. உடம்பு எத்தனை கிலோவோ அத்தனைக்கு மருந்து. மருந்து எத்தனையோ அத்தனைக்குக் காசு. இது என் கற்பனையல்ல. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில அரிய நோய்களில் ஆண்டுச் செலவு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய்க்கு மேலும் ஆகலாம், வயதும் எடையும் ஏற ஏறச் செலவும் ஏறும் என்று உங்கள் கொள்கை ஆவணத்திலேயே போட்டிருக்கிறீர்கள். இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டு 2022 மே மாதத்தில் உதவிக்கான உச்சவரம்பை 50 லட்சம் என்று நிர்ணயித்தீர்கள். ஆண்டுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆளுக்காம், ஒரே முறையாம்.

50 லட்சம் சின்னத் தொகை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் பரம்பரையில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பூண்டுக்காரன் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டான். உங்கள் மிகக் குறைந்த கணக்குப்படியே ஐந்து வருடம் வரும். அதுவும் பையன் பத்துக் கிலோவைத் தாண்டாமல் இருந்தால். மருந்தோ ஆயுள் முழுக்க வேண்டும். நோயை நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் மூன்றாம் பிரிவுக்கு இலக்கணமே அதுதான்.

இந்தக் கொள்கைக்குப் பொருத்தமான பயனாளி எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். குழந்தை வேலப்பர். மலைச் சரிவில் எங்கள் வீடுகளுக்கு நடுவே கோயில். போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பார்கள். எத்தனையோ நூற்றாண்டாகக் குழந்தையாகவே இருக்கிறார், ஒரு கிராம் கூடவில்லை. உடம்பே மருந்து என்பதால் மருந்துச் செலவும் கிடையாது. விண்ணப்பம் போடச் சொல்லட்டுமா?

இன்னொரு சந்தேகம். 2023 நவம்பரில் நீங்கள் ஒரு நல்ல சேதி சொன்னீர்கள். இதே கோஷே நோய்க்கான எலிகுளுஸ்டாட் மாத்திரை, ஆண்டுக்கு 1.8 கோடியிலிருந்து 3.6 கோடி வரை ஆனது, உள்நாட்டில் தயாரானதால் 3 லட்சத்திலிருந்து 6 லட்சத்துக்கு இறங்கிவிட்டது என்று. கேட்டதும் வேலப்பருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். வைத்த பிறகுதான், அது பெரியவர்களுக்கு வந்த மாத்திரை என்றார்கள். ஆக, பேரன் வளர்ந்தால் பணம் தீர்ந்துவிடும். மலிவு மாத்திரை வேண்டுமென்றால் வளர்ந்தாக வேண்டும். இரண்டில் எதைச் செய்யச் சொல்வது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அவனுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அந்தச் சேதியில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்த விலைகள் மலையிலிருந்து உருண்டு வந்த பாறை அல்ல, யாரோ வைத்தவை. முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவுக்குக் கொடுக்கும் ரிஸ்டிப்லாம் ஒரு புட்டி 6 லட்சத்துக்கு மேல் விற்றது. 2025 அக்டோபரில் காப்புரிமை வழக்கில் தடை விலகியதும் நம் நாட்டு நிறுவனம் 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பேரனுக்கு ஏறும் மருந்துக்கும் யாராவது இப்படி வழக்காட வேண்டுமா, அல்லது நீங்களே விலை பேசுவீர்களா? நாங்கள் பூண்டுக்கே பேசுகிறோம்.

கணக்கு பற்றியும் ஒரு வார்த்தை. அரிய நோய் என்றால் எது என்று வரையறுக்கப் போதிய புள்ளிவிவரம் இல்லை என்று அதே ஆவணம் சொல்கிறது. எங்கள் மலையில் ஒன்றிய அரசின் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியனின் கரும்புள்ளிகளை 1904 முதல் தினமும் படமெடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புள்ளியை எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்குப் பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் உள்ள பிள்ளைகளை எண்ணுவது சிரமமாக இருக்கிறதென்றால், அந்த ஆய்வகத்தாரையே ஒரு வருடம் இந்த வேலைக்கு அனுப்பலாம். சூரியன் எங்கும் போய்விடாது.

இந்த நோய்களுக்கு நன்கொடை திரட்ட இணையதளம் திறந்திருக்கிறீர்கள்; உண்டியல் வைத்தால் திருவிழாவும் நடத்த வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம், அவ்வளவே. 2024 அக்டோபர் 4 அன்று தில்லி உயர் நீதிமன்றம், இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ரூபாயில் அரிய நோய்களுக்கான தேசிய நிதியம் அமைக்கச் சொன்னதாகப் படித்தேன். எங்கள் மலைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வத்தலக்குண்டில் பஸ் கிடைக்கவில்லையோ என்னவோ.

உச்சவரம்பை நோய்க்கு வைக்க முடியாதென்றால் பயனாளிக்காவது வைத்துவிடுங்கள். எத்தனை கிலோவில் நிற்க வேண்டும் என்று அரசிதழில் போட்டால் வீட்டுச் சுவரில் கோடு கிழித்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
தராசைப் பார்த்தபடி,
தாத்தா.

பி.கு.: மாநில அரசு உங்கள் கொள்கைக்கு எதிராக நடந்துகொள்வதையும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் காலையில் உப்புமா, மதியம் முட்டை. நேற்று பேரன் இரண்டாவது முட்டை கேட்டிருக்கிறான். சத்துணவு அக்காவும் கொடுத்துவிட்டார்.