ஆன்டெனா வழியாக வந்திறங்கிய சரக்கு

பெறுநர்:
சுங்கத்துறை ஆணையர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: இலங்கையிலிருந்து வரி கட்டாமல் வந்திறங்கிய பாட்டு, கார்ட்டூன், சிரிப்பு ஆகியவற்றை அறிவிப்பது தொடர்பாக.

பார்வை: சுங்கச் சட்டம் 1962, பிரிவு 77. (மூட்டையில் இருப்பதை மூட்டைக்காரனே சொல்ல வேண்டும்.)

மதிப்பிற்குரிய ஐயா,

பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை என்று இந்தக் கரையிலிருந்து அக்கரைக்குக் கடத்தப்படும் சரக்கு பிடிபடுவதையும், பிடிபட்டதை வரிசையாக அடுக்கி அதிகாரிகள் பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதையும் நாளிதழில் அடிக்கடி பார்க்கிறேன். அக்கரையிலிருந்து இங்கே வந்த பெருஞ்சரக்கு ஒன்று மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. ஊரறிய, தட்டட்டியில் அலுமினியக் குழாய் நட்டு இறக்கிய சரக்கு அது. துறைமுகத்தில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆகவே நானே அறிவித்துவிடுகிறேன்.

சரக்கு 1: சினிமாப் பாட்டு. உற்பத்தியான நாடு: இந்தியா. வேடிக்கையே இதில்தான். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதை ஒதுக்கிவைத்தார். பாட்டு என்ன செய்யும்? கொழும்புக்குப் போய், ரேடியோ சிலோனில் ஏறி, இந்தியாவுக்கே திரும்பி வந்தது. டெல்லிக்கு விஷயம் உறைத்து 1957இல் விவித பாரதியைத் தொடங்குவதற்குள் நாட்டின் காதைக் கொழும்பு எழுதி வாங்கியிருந்தது. இது இறக்குமதியா, மறு இறக்குமதியா என்று தாங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இந்தச் சரக்கோடு சில அறிவிப்பாளர்களின் குரல்களும் வந்தன. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. ஹமீதின் தமிழில் ஊறிய காதுக்கு இன்றைய பண்பலைப் பேச்சு, பஸ் ஸ்டாண்டில் ‘நெல்லை, நெல்லை’ என்று ஆள் ஏற்றுகிற சத்தம்போலத்தான் இருக்கிறது. அவருடைய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி பின்னாளில் ஆளோடு கிளம்பி வந்து சன் டிவியிலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்கும் யாரும் வரி கேட்கவில்லை.

சரக்கு 2: பாப் பாட்டு. அக்கரையில் பொப்பிசை என்பார்கள். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யை முதல் உருப்படியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்களமும் தமிழும் ஒரே வள்ளத்தில் ஏறிய பாட்டு, தாளம் பைலா. பைலாவுக்குப் பாட்டன் போர்ச்சுகீசியன். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்காக நம் கரைக்கும் வந்தவன்தான் அவன். அன்றைக்கே அவனிடம் வரி வாங்கியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு வரி வாங்கியவனே அவன்தான்.

தமிழில் பாப் என்ற பெயரில் வந்த எதுவும் சுராங்கனியைத் தாண்டவில்லை என்பது என் கட்சி. சுராங்கனிக்கு மீன் வந்திருக்கிறது என்பதைத் தவிர அதில் பெரிய சேதி கிடையாது. மீன்பாடு நடக்கிற ஊரில் அதைவிடப் பெரிய சேதி எது? இன்றைய பாப் வீடியோக்களில் நாலு நிமிஷத்துக்குள் மூன்று கார் வருகிறது. ஒரு சாளை மீன் வருவதில்லை. விதிவிலக்காக 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அதுவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய ஒரு பாட்டியின் கதை. அதையும் என் கணக்கிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.

சரக்கு 3: கார்ட்டூன். அளவில் இதுதான் அதிகம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சென்னை எங்களுக்குச் சாலைவழி 600 கிலோமீட்டர். அந்த அலை இந்தக் கரைக்கு எட்டவில்லை. ஜப்பான் உதவியோடு 1982 பிப்ரவரி 15இல் கொழும்பில் ரூபவாஹினி தொடங்கியது. இலங்கையின் உயரமான மலையான பிதுருதலாகலையின் உச்சியில் அதற்கு ஒளிபரப்புக் கோபுரம். நடுவில் மறைக்கக் கடலில் என்ன இருக்கிறது? நீர்ப்பரப்பை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றுமாக அடுக்குப் போட்டு நிற்கிற நாளில் அலை மேலே ஓடிப்போகாமல் கடலோடு வளைந்து வரும். அன்றைக்கு, “எல, கொழும்புப் பக்கம் திருப்புல!” என்று தட்டட்டியைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும். தூர்தர்ஷன் வந்து சேர்ந்து, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று எங்களிடம் வருந்தத் தொடங்குவதற்குள் நாங்கள் அயல்நாட்டுக் குழந்தைகளாக வளர்ந்துவிட்டோம்.

முக்கியக் குற்றவாளி டைட்டஸ் தொடவத்த. ரூபவாஹினியில் மொழிமாற்றுப் பிரிவை வளர்த்த திரைப்பட இயக்குநர். பக்ஸ் பன்னியை ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆக்கினார். டாக்டர் டூலிட்டிலை ‘தொஸ்தர ஹொந்த ஹித’ ஆக்கினார். அந்த முயலும் டாக்டரும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று கோயில் வாசலில் சத்தியம் செய்தாலும் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். எங்களுக்குச் சிங்களம் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதில் ஒருநாளும் தவறியதில்லை. 2007இல் சுட்டி டிவி வந்து கார்ட்டூன்கள் முழுநேரமும் தமிழ் பேசின. என் மகனிடம் டோரா வழி கேட்டாள், அவனும் சொன்னான். எனக்கோ பேசுகிற அத்தனையும் புரிந்ததில் பாதிச் சுவை போய்விட்டது.

சரக்கு 4: நகைச்சுவை. இது மட்டும் நம்மூர் உற்பத்தி என்பதால் மார்தட்டிச் சொல்வேன். தமிழ்த் தொலைக்காட்சி தந்த ஒரே உருப்படியான சிரிப்பு விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’. சந்தானமும் சுவாமிநாதனும் மனோகரும் நட்சத்திரப் படங்களைக் காட்சி காட்சியாகக் கிழித்தார்கள். சிரித்துவிட்டு அதே படத்தைப் பார்க்கப் போனால் கதாநாயகன் வாய் திறக்கும்போதெல்லாம் மனோகரின் கைதான் ஆடும். இன்றைய சிரிப்பு நிகழ்ச்சிகளில் நடுவர்கள் முதலில் விழுந்து சிரித்துக் காட்டுகிறார்கள். நாம் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி சட்டம். உண்மையை மறைத்து வரி ஏய்த்தாலும் ஐந்து ஆண்டுக்குப் பின் நோட்டீஸ் தர முடியாது என்கிறது பிரிவு 28. அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். மின்வழிப் பரிமாற்றங்களுக்குச் சுங்கவரி கூடாது என்று உலக வர்த்தக நிறுவனத்தில் 1998இல் முடிவெடுத்து நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். பின்னாளில் இந்தியா ஆட்சேபிக்கத் தொடங்கியது. 2024இல் அபுதாபியில் கூடியபோதும் நீட்டிப்புதான் நடந்தது. என்றாவது அந்த வரி வந்தால், முதல் வாடிக்கையாளன் நான்.

ஒரு சந்தேகம் மட்டும். 1976இல் மன்னார் வளைகுடாவில் இரு நாடும் ஒப்பந்தம் போட்டுக் கோடு கிழித்தன. கோட்டைத் தாண்டினால் மீனவனுக்குச் சிறை, வள்ளம் பறிமுதல். 2011இல் தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் ஒன்று விட்டார்கள். ஆறு மாதம்கூட ஓடவில்லை. மனிதனுக்கு இத்தனை தடை இருக்கிற அதே கடலில் முயலையும் டாக்டரையும் இருபது வருஷம் தடுக்காமல் விட்டது எந்தப் பிரிவின் கீழ்? அந்தப் பிரிவு எண்ணைச் சொன்னால் எங்கள் மீனவர்களுக்கும் உதவும்.

வரி விதிப்பதானால் பிரிவு 75இன் கீழ் ஏற்றுமதிக்கான தீர்வைத் திரும்பலையும் கழித்துக்கொள்ளக் கோருகிறேன். எங்கள் ஊர் வானொலி நிலையம் மத்திய அலையில் இத்தனை காலம் அக்கரைக்குத் தமிழ்ப் பாட்டு அனுப்பியிருக்கிறதே, அந்தக் கணக்கில் பார்த்தால் துறைதான் எங்களுக்குப் பாக்கி தர வேண்டிவரும்.

பதிலை இந்தியில் அனுப்பினாலும் பாதகமில்லை. புரியாத மொழியில் வருவதைப் பார்த்துச் சரியான இடத்தில் சிரிக்க நாங்கள் 1982லேயே பழகிவிட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் எல்லைக்கு உட்பட்ட,
ரூபவாஹினியின் பழைய நேயன்.