எத்தனை எக்ஸ்?

எல்லா உறவு வட்டத்திலும் ஒரு ஜூம் மாமா உண்டு. வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷம் பாக்கி இருக்கும்போது அவருக்கு இது தொடங்கும். ஒரு கேமரா வாங்க வேண்டும் என்று முடிவு செய்வார். எந்தக் கேமரா என்று முடிவு செய்வதற்குள் ஓய்வே பெற்றுவிடுவார். பேன்ட் பைக்குள் அடங்குகிற காம்பாக்டா, கழுத்தில் தொங்குகிற பிரிட்ஜ் கேமராவா என்பதுதான் சிக்கல். இரண்டின் விவரக்குறிப்பையும் ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, எல்ஐசி பாலிசி இருக்கிற ஃபைலிலேயே போட்டு வைத்திருப்பார். இவ்வளவு படித்தும் கடைப் பையனிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, இது எத்தனை எக்ஸ்?" பைக் வாங்கப் போகிறவர் மைலேஜ் கேட்கிற அதே குரல். பையன் "நாப்பது சார்" என்றால் முகம் வாடிவிடும். "நூத்தி இருபத்தஞ்சு" என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் கேட்பார். விஷயம் தெரிந்த மருமகப்பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நான் இதில் மாமா கட்சி. அவர் சொல்லும் காரணங்கள் அநேகமாக எல்லாமே தப்பு, எடுக்கிற முடிவு சரி என்பது என் வாதம்.

அந்த எக்ஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2018-இல் வந்த நிக்கான் பி1000 கேமராவுக்கு 125 எக்ஸ் என்று போட்டிருப்பதன் பொருள், அதன் லென்ஸின் நீண்ட முனையைக் குட்டை முனையால் வகுத்தால் 125 வரும் என்பதுதான். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 3000 மில்லிமீட்டரை 24-ஆல் வகுத்த ஈவு. மூன்றாம் வகுப்புக் கணக்கு. தூரத்துப் பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அந்த ஈவு தனியாகச் சொல்லாது. எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதைச் சொல்லவே சொல்லாது. சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் மாடல் 24-இலிருந்து 600 வரைதான் போகும், வெறும் 25 எக்ஸ். கேனனின் எஸ்எக்ஸ்740 என்ற குட்டி காம்பாக்ட் 40 எக்ஸ். மாமாவின் மார்க்‌ ஷீட்டில் சோனி ஃபெயில். ஆனால் அந்தச் சோனியின் சென்சார் பரப்பில் நான்கு மடங்கு பெரியது. அதன் படத்தை வெட்டிப் பெரிதாக்கினாலும் ஓரளவு தாங்கும். சேப்பாக்கம் மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற பத்திரிகைப் புகைப்படக்காரரின் 400 மில்லிமீட்டர் லென்ஸைப் பாருங்கள்: அது ஜூமே ஆகாது. எத்தனை எக்ஸ் என்று மாமா அவரிடம் கேட்டால் "ஒண்ணு" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பாவம், இவ்வளவு வயசாகியும் ஒரு எக்ஸில் பிழைப்பு நடத்துகிறாரே என்று மாமா இரக்கப்படலாம். லென்ஸின் விலை ஒரு காரின் விலை என்று தெரியும்வரை.

மருமகப்பிள்ளையின் வாதம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. "மாமா, உடம்பு மட்டும்தான் இவ்வளவு பெருசு. உள்ள இருக்கற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். காம்பாக்ட்லயும் அதே சைஸ் சென்சார்தான். எதுக்கு இதுக்குப் போய் ஒன்றரைக் கிலோ சுமக்கறீங்க?" தகவல் சரி. இரண்டிலும் சென்சார் ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு 4½ மில்லிமீட்டர். காம்பாக்ட் 299 கிராம், பி1000 1415 கிராம். அந்த ஒரு கிலோ சொச்சம் எதற்கு என்று கேட்டால், பதில் முன்னால் இருக்கிற கண்ணாடியில் இருக்கிறது. முழு ஜூமில் காம்பாக்டின் லென்ஸ் வெளிச்சத்துக்குத் திறந்துவிடும் வாசலின் விட்டம் சுமார் 25 மில்லிமீட்டர். பி1000-இல் சுமார் 67. பரப்பில் பார்த்தால் ஏழு மடங்கு. மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் கழுகிடமிருந்து வருகிற வெளிச்சம் ஏழு மடங்கு உள்ளே போகிறது, நுண்விவரமும் அதற்கேற்பக் கூடுகிறது. சென்சார் சின்னதாக இருப்பதால்தான் இது ஒன்றரைக் கிலோவோடு முடிந்தது. இதே 3000 மில்லிமீட்டரை, இதே எஃப்/8 துளையோடு ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குச் செய்தால் முன்கண்ணாடி 375 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். கேனன் ஒருகாலத்தில் விற்ற 1200 மில்லிமீட்டர் லென்ஸே 16½ கிலோ. அதை மாமா தூக்க மாட்டார். தூக்கச் சொன்னால் மருமகப்பிள்ளையும் அன்றோடு வீட்டுப் பக்கம் வர மாட்டார்.

சந்தேகம் இருந்தால் நிலாவை வைத்துப் பார்க்கலாம், மாமா எப்படியும் முதல் ராத்திரியே மொட்டைமாடிக்குப் போய் அதைத்தான் எடுக்கப்போகிறார். வானத்தில் நிலா சுமார் அரை டிகிரி அகலம். காம்பாக்டின் 960 மில்லிமீட்டரில் அது படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். பி1000-க்கு முந்திய பி900-இன் 2000-இல் முக்கால் பங்கு. 3000-இல் நிலா படத்துக்குள் அடங்காமல் மேலும் கீழும் வழியும். அதைப் பார்த்து "நிலாவே கொள்ளலடி!" என்று மாமா கத்துவது கீழ்வீட்டுக்கும் கேட்கும். (பூமி தட்டை என்று நம்புகிறவர்களுக்கும் இந்த இரண்டு நிக்கான்களும் ரொம்பப் பிடிக்கும், அடிவானத்தில் மறைந்த கப்பலை ஜூம் பண்ணித் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம் என்று வீடியோ போடுவார்கள். நல்ல கருவி யார் கையில் வேண்டுமானாலும் போய்ச் சேரும்.)

"இதெல்லாம் போன்லயே வருதே?" என்பது அத்தையின் ஆட்சேபம். இதை அலட்சியம் செய்ய முடியாது. பத்து ஆண்டுகளில் கேமராத் தொழிலையே சாய்த்த ஆட்சேபம் இது: 2010-இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 2020-இல் ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டன. விழுந்ததில் பெரும்பங்கு காம்பாக்டுகள். ஆனால் இந்தக் கணக்கு அத்தைக்குச் சாதகமாக இருக்கிற அளவுக்கு மாமாவுக்கும் சாதகம். காம்பாக்டின் பெருமையே பைக்குள் அடங்குவதுதான். அந்தப் பையில் இப்போது போன் குடியேறிவிட்டது. மிச்சம் இருக்கிற பெருமை எட்டிப் பிடிப்பது மட்டும். எட்டிப் பிடிக்கத்தான் ஒரு தனிக் கருவி வாங்குகிறோம் என்றால், அரைகுறையாக எட்டுவதை ஏன் வாங்க வேண்டும்? போனும் எட்டும் என்கிறீர்களா? 2023-இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் போன் தந்த படத்தில் இருந்தன. நிலாவை அடையாளம் கண்டு, செயற்கை நுண்ணறிவால் விவரங்களை மேம்படுத்துகிறோம் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. மாமாவின் படத்தில் நிலா ஆடியிருக்கலாம், வெளுத்திருக்கலாம். இருப்பது வானத்தில் இருந்த நிலா.

இனி மாமா வெளியே சொல்லாத காரணம். காம்பாக்ட் வைத்திருப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரிட்ஜ் கேமராவின் பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் உறுமிக்கொண்டு வெளியே வரும். கல்யாண மண்டபத்தில் அது நீளும்போது நான்கு வரிசை ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். யாராவது ஒரு பெரியவர் வந்து, "தம்பி எந்த ஸ்டூடியோ?" என்று கேட்பார். ஓய்வு பெற்ற வயதில் ஒருவரை யாராவது தம்பி என்பதே சந்தோஷம், அதோடு தொழில்காரர் என்று வேறு நினைத்தால் சொல்ல வேண்டுமா? ஆனால் கேமராவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத இடம் அதுதான். மங்கலான வெளிச்சத்தில் ஜூம் நீள நீளத் துளை சுருங்கும், படத்தில் மணல் தூவும். தாலி கட்டும் நேரத்தில் மண்டபமே எழுந்து நிற்கும். 125 எக்ஸ் போட்டாலும் முன்வரிசைச் சித்தப்பாவின் பின்னந்தலையை லென்ஸ் ஊடுருவாது. வாங்குகிற ஆசை மண்டபத்தில் பிறந்தாலும், வாங்கியதன் நியாயம் ஏரிக்கரையில்தான் நிரூபணமாகும்.

நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வேடந்தாங்கல் கரையில் காலை ஏழு மணிக்கு அவரைப் பாருங்கள். தண்ணீருக்குள் நிற்கும் மரத்தில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன். பக்கத்தில் காம்பாக்ட்காரர் இரண்டு கையையும் நீட்டி, வெயில் பட்ட திரையில் பறவையைத் தேடிக்கொண்டிருப்பார். நீட்டிய கை நடுங்கும், 960 மில்லிமீட்டரில் அந்த நடுக்கம் மரத்தையே ஆட்டும். மாமாவோ முழங்கையை விலாவில் ஒட்டி, வியூஃபைண்டரில் கண்ணை அழுத்தி, மூச்சை அடக்கி நிற்கிறார். முழு ஜூமில் குறுக்கே முக்கால் டிகிரிகூடத் தெரியாது. நாரை ஒரு அடி நகர்ந்தாலே வெறும் வானம். அப்போது லென்ஸின் பக்கவாட்டில் இருக்கிற சின்னப் பொத்தானை இடது கைவிரலால் அழுத்திப் பிடிக்கிறார். ஜூம் சடாரென்று பின்வாங்கி மரம் முழுக்கத் தெரிகிறது, நடுவில் ஒரு கட்டம். நாரையைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுக்கிறார். கேமரா பழைய இடத்துக்கே பாய்கிறது. அலகின் நடுவில் இருக்கிற அந்த இடைவெளி, அதன் வழியே தெரிகிற பின்னணிப் பச்சை, எல்லாம் படத்தில். மருமகப்பிள்ளையிடம் இதற்கு ஈடான படம் இல்லை. அவருடைய நல்ல கேமராவில் இருப்பது 18–55 லென்ஸ்.

பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறிக் கானல் ஆடத் தொடங்கினால் 3000 மில்லிமீட்டரும் ஒன்றும் செய்ய முடியாது. இடையில் உள்ள காற்றையும் சேர்த்தே லென்ஸ் பெரிதாக்கும். இதைச் சொன்னால் மாமா லென்ஸைத் துடைப்பார். பேருந்தில் இரண்டு பிள்ளைகளோடு ஊட்டி போகிறவர், கழுத்தெலும்புத் தேய்மானக்காரர் ஆகியோருக்குக் காம்பாக்டே போதும் என்பதையும் மறுக்கவில்லை. பிரிட்ஜ் வாங்கினால் குடும்பத்தைப் படம் எடுப்பார் என்ற எதிர்பார்ப்பை மட்டும் யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த லென்ஸின் 24 மில்லிமீட்டர் முனையில், நான்கு பேர் தோளோடு தோள் நின்றால் அழகாகவே விழும். அந்த முனையை அவர் பார்ப்பது பேட்டரி போட்டு ஆன் பண்ணும் அரை நொடிதான். பேத்தியைப் படம் எடுக்கச் சொன்னால், "கொஞ்சம் தள்ளிப் போம்மா, இன்னும், இன்னும்" என்று தெருமுனை வரை அனுப்பிவிடுவார்.