பென்சில்வேனியா அண்ணா

வாசலில் ஷூவைக் கழற்றும்போதே, "ஈரி கவுன்ட்டி நிலவரம் பார்த்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறாரே, அவர்தான். உங்கள் ஊரில் வேறு பெயரில் இருப்பார். எடிசனில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் பென்சில்வேனியா அண்ணா.

குடியிருப்பது நியூஜெர்சியில், மனசு டெலவேர் ஆற்றுக்கு அந்தக் கரையில். நியூஜெர்சியை அவர் ஒரு மாநிலமாகவே மதிப்பதில்லை. "1988-க்கு அப்புறம் ஒரு தடவைகூடக் குடியரசுக் கட்சி யானைப் பக்கம் போகலை. இதுல பேச என்னங்க இருக்கு?" என்பார். வாஸ்தவம்தான். ஆனால் சொத்து வரி கட்டுவதும் ஜனவரியில் பனி வாருவதும் இங்கேதானே?

பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் வருவார். போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம். பெருமாளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். வழியில் எத்தனை வீட்டு வாசலில் யார் பெயர் போட்ட அட்டை நட்டிருந்தது என்பதுதான் திரும்பி வந்ததும் நமக்குக் கிடைக்கும் பிரசாதம். புளியோதரையைக் காரிலேயே காலி செய்துவிடுவார்கள்.

2024 ஜூன் 27 ராத்திரி அட்லாண்டாவில் பைடனும் டிரம்ப்பும் விவாத மேடையேறிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, என் கணவருக்கு ஃபோன்: "பாஸ், முடிஞ்சு போச்சு." ஜூலையில் பைடன் விலகி, அவர் இடத்துக்குக் கமலா வந்ததும், "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" அதே வாயால் ஏப்ரலில், விலகவே மாட்டார் என்றும் சொல்லியிருந்தார். அதை நினைவூட்டினால், "அது அப்போதைய டேட்டா" என்றார். செப்டம்பர் 10 விவாதம் ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததில் அவருக்கு ஏதோ தன் வீட்டுக் கல்யாணம் நடந்த மாதிரி பெருமை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது சுண்டல் விஷயம்.

அக்டோபர் 5, சனிக்கிழமை. எங்கள் வீட்டுக் கொலு. தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம். முந்தின நாள் ராத்திரியே கொண்டைக்கடலை ஊறவைத்து, தேங்காய் துருவி, நாற்பது பேருக்குச் சுண்டல் பண்ணியிருந்தேன். ஐந்தாம் படியில் செட்டியாரும் செட்டிச்சியும் கடை விரித்து உட்கார்ந்திருக்க, கீழே ஒரு பெண் பாடத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் கேட்டார்: "அது எப்படி, ஓட்டு அதிகம் வாங்கினவர் தோற்கிறார்?"

அண்ணாவுக்குக் கண் மின்னியது. "2016-ல ஹிலாரிக்கு 28 லட்சம் ஓட்டு கூட. ஜெயிச்சது யாரு? காட்டறேன் வாங்க."

இரண்டு காகிதத் தட்டு கேட்டார். சாப்பிடத்தான் கேட்கிறார் என்று நம்பிக் கொடுத்தேன். ஒன்றில் ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை, ஒன்றில் குடியரசுக் கட்சிக்கு யானை வரைந்தார். அவர் வரைந்ததில் வித்தியாசமே தெரியவில்லை. ஒன்றுக்குக் காது கொஞ்சம் பெரிது. கழுதைக்குக் கீழே 225, யானைக்குக் கீழே 219 என்று எழுதினார். "அதிபரைத் தேர்ந்தெடுக்கிறது மாநிலங்களோட தேர்வாளர் ஓட்டு. அதுல இது ரெண்டும் ஃபிக்ஸட் டெபாசிட். மாறாது. மீதி 94. அதுக்கு ஒரு கப் சுண்டல் குடுங்க."

ஒரு கப் போதவில்லை. இரண்டாவது கப்பும் வாங்கி, ஒவ்வொரு கடலையாக எண்ணினார். பென்சில்வேனியா 19. ஜார்ஜியா 16. வட கரோலினா 16. மிச்சிகன் 15. அரிசோனா 11. விஸ்கான்சின் 10. நெவாடா 6. என் காபி மேஜை முழுக்கக் கடலைக் குவியல். தேங்காய்த் துருவலை ஊதி ஊதித் தள்ளினார். பாடிய பெண் பல்லவியிலேயே நின்றுவிட்டாள். கேட்க ஆள் இல்லை, எல்லோரும் மேஜையைச் சுற்றி.

"93 ஆச்சு, ஒண்ணு மிச்சம் இருக்கே?" என்றார் என் கணவர். அவருக்கு இது தேவையா?

"அதான் பாஸ் உயிர்நாடி!" கடைசிக் கடலையை இரண்டு விரலால் வைரம் போலத் தூக்கிக் காட்டினார். "ஒமாஹா! மத்த மாநிலத்துல ஜெயிச்சவனுக்கு மொத்தமும். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் தொகுதிவாரியாப் பிரிச்சுக் குடுக்கும். நெப்ராஸ்கா யானைக் கோட்டை, ஆனா ஒமாஹா இருக்கிற ரெண்டாம் தொகுதி கழுதைப் பக்கம் சாயலாம். இப்போ பாருங்க: மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூணும் கமலாவுக்குன்னா 44. 225-ம் 44-ம் 269. ஒமாஹாவைச் சேர்த்தா..."

சேர்ப்பதற்காகக் கையை வீசினார். ஒமாஹா எகிறி விழுந்து, தரையில் உருண்டு, கொலுப்படிக்கு அடியில் போய்விட்டது.

நான் கிண்ணத்திலிருந்து வேறு ஒரு கடலை எடுத்துக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்கிறார். "இல்லைங்க, இதுதான் நிஜமான சிக்கல்! ஒமாஹா போயிட்டா அது யானைக்கு. ரெண்டு பேரும் 269. டை!" குரல் நடுங்கியது. அவ்வளவு சந்தோஷம். "அப்போ பிரதிநிதிகள் சபைதான் முடிவு பண்ணும். ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 52 உறுப்பினர் இருக்கிற கலிஃபோர்னியாவுக்கும் ஒண்ணு, ஒரே ஒருத்தர் இருக்கிற வயோமிங்குக்கும் ஒண்ணு."

இதற்குள் பக்கத்து வீட்டு நாலு வயசுப் பிள்ளை நெவாடாவைத் தின்றுவிட்டு அரிசோனாவில் கை வைத்திருந்தது. அண்ணா கத்திய கத்தலில் குழந்தை அழ, அதன் அம்மா முகம் சிவக்க, ஆரத்தி எடுக்கும்போது மணி ஒன்பதரை. மிஞ்சிய கடலையெல்லாம் குப்பைக்குப் போனது. கை வலிக்கத் தேங்காய் துருவியது நான்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அவருக்கு ஓட்டு கிடையாது. வந்து பதினாலு வருஷம், இன்னும் எச்-1பி விசா. எனக்கு ஓட்டு உண்டு. அந்த எனக்குத்தான், "உங்க ஓட்டு வேஸ்ட்டுங்க, நியூஜெர்சில போட்டா என்ன, போடாட்டி என்ன?" என்று கிளம்பும்போது ஆறுதல் சொன்னார். "நீங்க எப்படியும் கமலாவுக்குத்தானே? லேடீஸ் எல்லாம் அப்படித்தான். அதோட அவங்க அம்மா நம்ம மெட்ராஸ்" என்றும் சேர்த்துக்கொண்டார். நான் யாருக்குப் போடுவேன் என்று அவர் கேட்கவே இல்லை. வரி பற்றியோ மருத்துவச் செலவு பற்றியோ எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நானும் ஒரு கடலை, நியூஜெர்சிக் குவியலில். எண்ணவும் வேண்டாம்.

பதிலுக்கு ஒன்று கேட்டேன். "அண்ணா, அதே சீட்டில் நம்ம ஊர் பள்ளிக்கூட போர்டுக்கும் ஓட்டு இருக்கு. யார் நிற்கிறாங்க, சொல்லுங்க?" விழித்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கின்றன. பென்சில்வேனியாவில் 67 கவுன்ட்டி என்று தெரிந்தவருக்குத் தெருமுனைப் பள்ளிக்கூடம் தெரியவில்லை.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் சமையலறையில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளும்போது அவர் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள். பச்சை அட்டைக்கு 2013-ல் மனுப் போட்டார்களாம். அந்த அக்டோபரில் வந்த விசா புல்லட்டினில் அவர்கள் பிரிவில் இந்தியாவுக்கு 2012 ஜூலையில் போட்ட மனுக்கள்தான் நடந்துகொண்டிருந்தன. ஒரு வருஷ தூரம்தானே என்று நினைக்கக் கூடாது. அந்த வரிசை சில மாதம் நகரும், சில மாதம் நிற்கும், சில சமயம் பின்னாலும் போகும். எந்த நாட்டுக்கும் ஆண்டு மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. பெரியவளை மூன்று வயதில் கூட்டி வந்தார்கள். அவளுக்கு 21 முடிவதற்குள் அட்டை வராவிட்டால் அப்பா அம்மாவின் வரிசையிலிருந்து கழன்றுவிடுவாள்.

"ரெண்டு விவாதத்தையும் ஒரு வார்த்தை விடாமக் கேட்டாருங்க. எல்லை, எல்லைன்னே பேசறாங்களாம். இந்த வரிசையைப் பத்தி யாராவது வாயைத் திறப்பாங்களான்னு பார்த்தார்" என்றாள். "வீட்ல அந்தத் தேதியைப் பத்திப் பேசவே மாட்டார். பென்சில்வேனியான்னா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசுவார்."

அவருக்கு இரண்டு டப்பா சுண்டல் கட்டிக் கொடுத்தேன். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

நவம்பர் 5 வந்தது. ஒரு வாரத்துக்குள் கணக்கும் முடிந்தது: 312-க்கு 226. மேஜையில் குவித்த ஏழு மாநிலமும், 93 கடலையும், சிந்தாமல் சிதறாமல் யானைத் தட்டுக்கே போய்விட்டன. இனி கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வர மாட்டார் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபோன். துளிகூட வாட்டம் இல்லை.

"ஒமாஹாவைப் பார்த்தீங்களா? கழுதைப் பக்கமே நின்னுது! நான் சொன்ன அதே கடலை!"

"பார்த்தேன் அண்ணா."

"2028 கொலுவுக்கு மொச்சைச் சுண்டல் பண்ணுங்க. கடலை உருளுது."