காவிரிப் படுகை வேட்பாளர் வகைநூல்

வேட்பாளரைக் கட்சியால் வகுப்பது பாமர வழக்கு. கட்சி மாறும், சின்னம் முடங்கும், கூட்டணியோ மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று. நிலையில்லாததை அளவுகோலாகக் கொள்வது நூல் நெறி ஆகாது. சாதியால் வகுப்போரும் உளர். அவர்கள் தலைமையகத்தில் நேர்காணல் நடத்துவோர். அது அவர்கள் பிழைப்பு. தஞ்சாவூர்ச் சீமைக்குப் பொருந்தும் பாகுபாடு பயிர்ப் பாகுபாடே என்பது எம் துணிபு.

முதற்கண் விதைப்பு. வேட்பாளர் நேரடி விதைப்பு, நடவு என இரு திறத்தார். நேரடி விதைப்பினர் ஊரிலேயே முளைத்தவர். தெருவுக்கெல்லாம் மாமா, மச்சான். ஓட்டுக் கேட்டு வாசலில் நின்றால், "இவங்க தாத்தா எங்க வாய்க்காலை அடைச்சவருல்ல?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும். நடவினர் வேறு நாற்றங்காலில் வளர்ந்து, பிடுங்கிக் கொண்டுவரப்பட்டவர். சில நாள் வெளிறி நிற்பார். பச்சை பிடித்துவிட்டால் தூர் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இதற்குத் தலைசிறந்த சான்று 1962. குளித்தலையில் 1957-ல் வென்ற மு. கருணாநிதி இம்முறை தஞ்சாவூரில் நடப்பட்டார். முந்தைய தேர்தலில் வென்ற தி.மு.க.வினர் 15 பேரையும் வீழ்த்துவது என்று காங்கிரஸ் கங்கணம் கட்டியிருந்த நேரம். எதிரே செல்வாக்குள்ள காங்கிரஸ்காரர் பரிசுத்த நாடார். முடிவு வந்தபோது காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றிருந்தார். அவர் அந்த மண்ணிலேயே பிறந்த நேரடி விதைப்பு என்பதைக் கவனிக்க. பதினைவரில் மீண்டும் வென்றவர் தஞ்சாவூர் நடவு ஒருவரே. அவர் பிறந்த திருக்குவளை அன்றைய தஞ்சாவூர் மாவட்டம்தானே, எப்படி நடவாவார் என்று வினவுவார் உண்டு. குளித்தலை வயலில் ஐந்தாண்டு நின்றதால் நடவே என விடுக்க. பிறந்த மண்ணை ஒட்டிய திருவாரூரில் அவர் வேட்பாளராக நின்றது 2011-ல்தான், 86 வயதில்.

அடுத்தது பாசனம். இதில் தலைமடை, கடைமடை என்ற இரண்டே. கட்சி நிதி மேலே திறக்கப்படும். மாவட்டம், ஒன்றியம், கிளை என்று ஒவ்வொரு மதகிலும் ஒரு ஷட்டர், ஒவ்வொரு ஷட்டருக்கும் ஒரு லஸ்கர். கடைமடை வேட்பாளர் தண்ணீர் திறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்து அறிவார். தேர்தல் ஆணையம் 2016-ல் நடைமுறைப்படுத்திய செலவு வரம்பு 28 லட்சம்; அதை எள்ளளவும் மீறாதவர் என்று மனமார நம்பத்தக்கவர் இவர்.

மூன்றாவது பட்டம். நம் தேர்தல் பெரும்பாலும் சித்திரை வெயிலில் வரும். மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12. ஆகவே காவிரியைப் பற்றி அதிகம் பேசப்படும் காலம், காவிரியில் மணல் மட்டும் ஓடும் காலம். வேட்பாளர் சேற்றில் இறங்கி நாற்று நடும் படம் எடுக்க வேண்டுமென்றால், பம்புசெட்டில் முன்பட்டக் குறுவை போட்டிருக்கும் வயலைத் தேடிப் பிடிப்பது ஒன்றியச் செயலாளர் கடமை. அவர் நட்டதைப் பிடுங்கித் திரும்ப நடுவது நடவுப் பெண்கள் கடமை. அதற்குத் தனிக் கூலி கேட்டால் தவறில்லை என்பேன்.

சுயேச்சையை உளுந்தில் சேர்க்க. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னே ஈரத்தில் தெளிப்பது தரிசு உளுந்து; உழவில்லை, எருவில்லை, நெல் விட்டுவைத்த ஈரமே கதி. சுயேச்சையும் பெரிய கட்சியின் கூட்ட ஈரத்தில் முளைப்பவர். கட்டிய 10,000 ரூபாய் வைப்புத்தொகை, ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் போயிற்று. ஆனால் உளுந்து காசு தரும் பயிர் என்பதால் உவமை இங்கே சற்று நொண்டுகிறது. பெரிய வேட்பாளரின் பெயரையே கொண்ட சுயேச்சை மட்டும் உளுந்தல்ல, களை. 2015 முதல் இயந்திரத்தில் வேட்பாளர் படமும் ஒட்டுவது அந்தக் களைக்கு அடிக்கும் மருந்து.

இனித் தாளடி. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது அதே வயலில் மறுபடி நடுவது தாளடி. தேர்தலில் இவ்வினம் அரிது. தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் அதை 2016-ல் உலகுக்குக் காட்டின. மே 16 அன்று தமிழகம் ஓட்டுப்போட, இவ்விரண்டும் சும்மா இருந்தன. வாக்காளருக்குப் பணமும் பரிசும் போயின என்று கண்ட ஆணையம் தேதியைத் தள்ளியது, பின்னும் தள்ளியது, மே 28 அன்று அறிவிக்கையையே ரத்து செய்தது. நவம்பர் 19-ல் மறுநடவு. அதே வயல், அதே அ.தி.மு.க. ரெங்கசாமி, அதே தி.மு.க. அஞ்சுகம் பூபதி. இடையே நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிப்பு. பணத்தால் நின்ற தேர்தல் திரும்ப நடக்க 11 நாள் இருக்கையில் பணமே நின்றுபோனது. பட்டுவாடா இயலில் இதற்குச் சூத்திரம் இல்லை.

அவ்வாண்டு ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. செப்டம்பரில் திறந்ததை நம்பிப் போட்ட சம்பாவை வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. நகரத்தைத் தாண்டிப் பிரசார வேன் போன வழியெங்கும் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. 2017 ஜனவரியில் அரசு மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தது. இவ்விடத்தில் உரை எழுத எமக்கு மனமில்லை.

வென்ற ரெங்கசாமி, 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 உறுப்பினர்களில் ஒருவரானார். களஞ்சியம் சேர்ந்த நெல்லைத் திரும்ப வெளியே கொட்டும் இவ்வகைக்கு வேளாண்மையில் பெயரில்லை. 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல். 2021 ஏப்ரலில் பொதுத்தேர்தல். ஆக, முப்போகம் விளைந்ததாகப் பெருமை பேசி இப்போது ஒருபோகத்துக்கே வானம் பார்க்கும் இச்சீமையில், ஐந்தாண்டுக்குள் நாலு போகம் பிரசாரம் விளைந்திருக்கிறது. நாலாவது போகத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டால், அடங்கல் கொண்டுவரச் சொல்கிறார்கள்.